சென்று வந்தோர் கொண்டு வந்தவை

எம்மாவு நோக்கி நடந்த சீடர் இருவரிடமும் செய்தி இருந்தது. எருசலேமில் நிகழ்ந்தவற்றை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்; வழியில் வந்து சேர்ந்த அந்நியருக்கு அவற்றை வரிசை பிறழாமல் எடுத்துரைக்கவும் செய்தனர். பெண்கள் விடியற்காலையில் கல்லறைக்குச் சென்றது, அங்கே உடலைக் காணாதது, வானதூதர் கூறியது என யாவும் அவர்கள் நாவில் இருந்தன. ஒரு செய்தியாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆயினும் அவர்களுடைய முகம் வாடியே இருந்தது. அப்பம் பிட்கப்பட்ட பின்னர், அந்த நேரத்திலேயே எழுந்து, வந்த வழியே அவர்கள் திரும்பி நடந்தபோதுதான் அந்தச் செய்தி நற்செய்தியாயிற்று. ஏறக்குறைய 11 கிலோமீட்டர். இராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு நடப்பதைவிடச் சற்றுக் குறைவு. அந்த இரவு நடையைத் தூய லூக்கா ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். எனினும் அந்த நிகழ்ச்சியின் கனமெல்லாம் அந்தத் திரும்புதலில்தான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இந்தப் பகுதி நம் நினைவுக்கு வரக் காரணம் நான்கு பக்க அறிக்கை ஒன்று. நமது பங்கின் சமூகத் தொடர்புக் குழுவினர் நால்வர் அண்மையில் எண்ணிம ஊடகம் பற்றிய மாநாடு ஒன்றிற்குச் சென்று மூன்று நாள்கள் தங்கித் திரும்பினர். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒருவர் துறைமுகத்தைச் சார்ந்த கண்டெய்னர் கிடங்கில் ஒப்பந்த வேலை பார்க்கும் இளைஞர். மூன்றாமவர் மறைக்கல்வி ஆசிரியை. நான்காமவர் காசிமேட்டில் மீன் விற்கும் தாய் ஒருவரின் மகள், கல்லூரி மாணவி. பயணச் செலவில் பாதியைப் பங்குப் பேரவை ஏற்றது. மீதியை அவர்களே போட்டுக்கொண்டனர். திரும்பி வந்தபின் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு, பங்கு மண்டபத்தில் தங்கள் அறிக்கையை வாசித்தனர்.

இத்தகைய அறிக்கைகளுக்கு வழக்கமாக நேர்வது யாவரும் அறிந்ததே. கைதட்டல் எழும், நன்றியுரை நிகழும், பிறகு அறிக்கை பங்கு அலுவலக பீரோவுக்குள் போய் உறங்கும். நாம் அதைச் சற்று வேறுவிதமாக நடத்த விரும்பினோம். ஒரு நூலை எடுத்து நிறைகுறை காண்பதுபோல் இந்த நான்கு பக்கங்களையும் ஆய்ந்து பார்ப்பது, எழுதியோருக்கு நாம் செய்யும் மரியாதை என்றே கருதினோம்.

அறிக்கையின் நிறைகள்

முதலில் நிறைகள். மொழி எளிமையானது, ஆடம்பரம் இல்லை. சென்ற இடத்தின் பெருமையைப் பாடிப் பக்கத்தை நிரப்பவில்லை. செலவுக் கணக்கு கடைசிக் காசுவரை தரப்பட்டிருக்கிறது. நம் பங்கு அமைப்புகள் பலவற்றிற்கு அது ஒரு பாடம்.

மாநாட்டிலிருந்து தாங்கள் கற்றவை என ஏழு பாடங்களை அவர்கள் தொகுத்திருக்கிறார்கள். அவற்றுள் நான்கைப் பற்றி விவாதமே இல்லை. படம் எடுக்குமுன் எடுக்கப்படுவோரின் இசைவைப் பெற வேண்டும்; சிறுவர் படங்களைப் பெற்றோர் அனுமதியின்றி வெளியிடலாகாது; ஒலி தெளிவாயிராத காணொளியை யாரும் பொறுமையோடு பார்ப்பதில்லை; பங்கின் கணக்குகளுக்கான கடவுச்சொல்லை ஒருவரே வைத்துக்கொள்ளாமல், பொறுப்பானோர் இருவர் அறிந்திருக்க வேண்டும். இவை நல்லறிவு. நாளையே நடைமுறைப்படுத்தலாம்.

எஞ்சிய மூன்று பாடங்களே மாநாட்டின் உயிர்நாடி போலும். அறிக்கையின் பெரும்பகுதியும் அவற்றுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. விரைவாக வெளியிடு, சுருக்கமாகச் சொல், பார்த்தவர்களை எண்ணிக்கொண்டே இரு. இம்மூன்றையும் நம் கரையில் நடந்தவற்றோடு உரைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். உரைகல்லுக்கு நாம் வெளியே போகவேண்டியதில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான இந்தக் கடலோரம் படமெடுப்போரின் கண்ணில் அடிக்கடி பட்டுவந்திருக்கிறது. பெரும்பாலும் துன்ப நாள்களில்.

விரைவு

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை நகரை மூழ்கடித்தபோது, மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், எண்ணூர்க்குப்பம் முதலிய ஊர்களின் படகுகளும் வலைகளும் கருத்துப்போயின. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்தை எண்ணெய்க் கோடு காட்டியது. அந்நாள்களில் நகரமோ தன் வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. மீனவ இளைஞர்கள் தங்கள் அலைபேசிகளில் எடுத்த படங்கள் உடனுக்குடன் பரவியிராவிடில், இந்தக் கரையின் துயரம் வெளியே தெரிய இன்னும் எத்தனை நாள்கள் ஆகியிருக்குமோ! பின்னர் செய்தித்தாள்கள் எழுதின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. விரைவின் நன்மையை நாம் மறுப்பதற்கில்லை.

அதே மாதம் 26 ஆம் நாள், நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் கடலோரத்தில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுநாள் இரவு. உறக்கத்திலிருந்து எழுந்த மக்கள், கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அன்றிரவு நமது அலைபேசிக் குழுவில் வந்து குவிந்த செய்திகளை மறக்க இயலாது. எந்தப் பக்கம் போனால் காற்று தூய்மையாயிருக்கிறது என்று ஒருவர் எழுதினார். அது சிலரைக் காத்தது. வேறெங்கோ ஏதோ வெடித்துவிட்டதென்று இன்னொருவர் கேள்விப்பட்டதை எழுதினார்; அது பொய். இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடின. எழுதியவர் இருவரும் நல்லவர்களே. ஒருவர் தாம் நின்ற இடத்திலிருந்து, தாம் முகர்ந்த காற்றை எழுதினார். மற்றவர் தமக்கு வந்ததைத் தள்ளிவிட்டார்.

ஆகவே விரைவு என்னும் பாடத்தின் அருகில் இன்னொரு சொல்லை நாம் எழுதிச் சேர்ப்போம்: இடம். எங்கே நின்று சொல்கிறோம் என்பது தெரியாமல் எத்தனை விரைந்து சொன்னாலும் அது வதந்தியின் வரிசையில்தான் போய்ச் சேரும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்திக்கு, 'வந்து பார்' எனப் பிலிப்பு நத்தனியேலுக்கு விடுத்த அழைப்பையே பொருளாகக் கொண்டார். செருப்புத் தேய நடந்து, நேரில் கண்டு எழுதும் வழக்கம் குறைந்துவருவதை அதில் அவர் கவலையோடு சுட்டிக்காட்டினார். அறிக்கையில் இதற்கு ஒரு வரி இருந்திருக்கலாம்.

சுருக்கம்

இரண்டாவது பாடம் சுருக்கம். ஒரு நிமிடத்துக்குமேல் எவரும் பார்ப்பதில்லையென்று மாநாட்டில் சொன்னார்களாம். சுருக்கத்தின் ஆற்றலை நம் கரையே கண்டிருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று அதிகாலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன; எண்ணெய் கொட்டியது. அதை அகற்ற இளைஞர்களும் மீனவரும் கடலோரக் காவல் படையினரும் பாறைகளின்மேல் வரிசையாய் நின்று வாளி வாளியாய் அள்ளினர். அந்த வாளிப் படத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. இத்தனை பெரிய துறைமுகங்களை வைத்திருக்கும் நாட்டில், கொட்டிய எண்ணெயை அள்ள வாளிதானா என்ற கேள்வி பார்த்தவர் அனைவர் உள்ளத்திலும் எழுந்தது. ஒரே ஒரு படம், நீண்ட தலையங்கத்தின் வேலையைச் செய்துவிட்டது.

எனினும், அதே மாதத்தின் நடுவில் வெளிவந்த மற்றொரு படைப்பு இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. டி. எம். கிருஷ்ணா பாட, கபேர் வாசுகி எழுத, ரதீந்திரன் பிரசாத் இயக்கிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' என்ற காணொளியையே குறிப்பிடுகிறோம். எண்ணூர்க் கழிமுகத்திலேயே அது படமாக்கப்பட்டது. ஒரு நிமிடத்தில் அடங்குவதன்று. கருநாடக இசையின் இராகமாலிகை அமைப்பில், சென்னைப் பேச்சுத் தமிழில், நிதானமாக விரிகிறது. அதன் சாதனை ஒரு சொல்லை மீட்டெடுத்தது. புறம்போக்கு என்பது ஊருக்குப் பொதுவான நிலத்துக்கு நிருவாகம் வைத்த பெயர்; நீர்நிலையும் மேய்ச்சல் வெளியும் கடற்கரையும் அதில் அடங்கும். அதுவே காலப்போக்கில் மனிதரை இழித்துரைக்கும் வசையாக மாறியது. பொதுநிலத்தை மதியாத சமூகம், அந்நிலத்தை நம்பி வாழ்வோரையும் மதிக்கவில்லை என்பதை அந்தச் சொல்லின் வீழ்ச்சியே காட்டிக்கொடுக்கிறது. இதை உணர்த்தப் பாடலுக்கு நேரம் தேவைப்பட்டது. ஒரு நிமிடத்துக்குச் சுருக்கியிருந்தால் வசை மட்டுமே மிஞ்சியிருக்கும், வரலாறு போயிருக்கும்.

அந்தப் படைப்பிலும் நமக்கு ஒரு குறை உண்டு. கழிமுகம் நம்முடையது, காட்சியில் தெரியும் புகைபோக்கிகளும் நம்முடையவை. பாடும் குரலோ சபாக்களிலிருந்து வந்தது. அந்த வருகையை நாம் வரவேற்கிறோம். அக்குரல் வராமற்போயிருந்தால் நகரத்தின் மறுபாதி இந்தப் பக்கம் திரும்பியே பார்த்திராது. ஆயினும், இக்கரையில் பிறந்தவர் தம் வாயால் தம் கதையைச் சொல்லும் காணொளிக்கு அதே கவனம் கிட்டியதா என்ற கேள்வி எஞ்சுகிறது.

எண்ணிக்கை

மூன்றாவது பாடத்தில்தான் அறிக்கையோடு நாம் முழுமையாக முரண்படுகிறோம். எத்தனை பேர் பார்த்தனர், எத்தனை பேர் பகிர்ந்தனர் என்பதை நாள்தோறும் எண்ணி, எதைப் பார்க்கிறார்களோ அதையே மேலும் தரவேண்டும் என்கிறது அது. கடைக்காரருக்கு இது சரி. சான்று பகர்வோருக்குச் சரியாகுமா?

எரிகோவுக்கு இறங்கும் சாலையில் கள்வர் கையில் அகப்பட்டுக் கிடந்தவரை மூவர் பார்த்தனர். குரு பார்த்தார், லேவியர் பார்த்தார், சமாரியர் பார்த்தார். மூவருமே பார்த்தனர் என்பதை லூக்கா நற்செய்தி தெளிவாகவே குறிப்பிடுகிறது. இன்றைய கணக்கின்படி அந்த மனிதருக்குக் கிடைத்த பார்வைகள் 3. அயலார் 1. நம் பங்கின் பக்கத்தில் கீழே ஓடும் எண் முதல் கணக்கைத்தான் காட்டுகிறது. இரண்டாவது கணக்கை அதனால் காட்ட இயலாது.

வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை 2023 மே 28, பெந்தக்கோஸ்துப் பெருவிழா நாளிட்டு வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை, சமூக ஊடகங்களில் முழுமையான உடனிருப்பை நோக்கிச் செல்ல நம்மை அழைக்கிறது. அதன் தலைப்பும் அதுவே. 82 பத்திகள் கொண்ட இந்த ஏடு, நல்ல சமாரியர் உவமையைத் தன் முதுகெலும்பாகக் கொண்டிருக்கிறது. அத்துறையின் தலைவராக இருந்து அதில் கையொப்பமிட்ட பவுலோ ருஃபினி ஒரு பொதுநிலையினர் என்பது நம் வாசகருக்கு மகிழ்ச்சி தரும். எண்ணிம நெடுஞ்சாலையில் நமக்கு அயலார் யார், நாம் யாருக்கு அயலார் என்று அது கேட்கிறது. இந்த ஊடகங்களில் நாம் நுகர்வோராக இருப்பதோடு விற்பனைப் பொருளாகவும் ஆக்கப்படுகிறோம் என எச்சரிக்கிறது. திரையின் வழியே உணவைப் பகிர்ந்துண்ண இயலாது என்ற எளிய உண்மையையும் நினைவூட்டுகிறது. நம் குழுவினர் மாநாட்டுக்குப் புறப்படுமுன் இதை வாசித்திருந்தால் மூன்றாம் பாடத்தை வேறுவிதமாக எழுதியிருப்பார்கள். அதை அவர்களுக்குக் கொடுத்தனுப்பாதது நமது குறை.

அந்த ஏடு சாலையில் செல்லும் பயணியை நோக்கியே பெரிதும் பேசுகிறது. நம் கரை மக்களோ பல வேளைகளில் சாலையோரம் கிடப்பவரின் இடத்திலிருந்து உவமையைக் கேட்கிறார்கள். அங்கிருந்து கேட்கும்போது உவமையின் கடைசிப் பகுதி திடீரென்று பெரிதாகிறது. இதை நமக்கு உணர்த்தியவர் ஒரு மூதாட்டி.

மண்டபத்தில் எழுந்த குரல்

அறிக்கை வாசித்து முடிந்து, கேள்விகள் உண்டா என்று நாம் கேட்டபோது, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருந்த அந்த அம்மா எழுந்தார். கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். "எத்தினி பேரு வந்து போட்டோ புட்சிக்கினு போனாங்க சாமி. எங்கூட்டு வலைய தூக்கிக் காட்டச் சொல்லி, நானும் காட்னேன். அந்த வலை அப்பறம் என்னாச்சின்னு கேக்க ஒருத்தராச்சும் திரும்பி வந்தாங்களா?" என்றார். எவரையும் குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. கேட்டுவிட்டு அமர்ந்துகொண்டார். மாநாட்டுக்குச் சென்றுவந்த நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். நாமும் தலைகுனிந்தோம். ஏனெனில் அந்த வலையைப் படமெடுத்தவர்களுள் நமது பங்குக் குழுவும் ஒன்று.

சமாரியர் காயங்களைக் கட்டினார், எண்ணெயும் மதுவும் வார்த்தார், விலங்கின்மேல் ஏற்றிச் சாவடியில் சேர்த்தார், இரண்டு தெனாரியம் கொடுத்தார் என்பதுவரை நாம் அடிக்கடி மறையுரை ஆற்றியிருக்கிறோம். அதன்பின் அவர் சாவடிக்காரரிடம், மேற்கொண்டு ஆகும் செலவைத் தாம் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் செல்கிறார். அவரது இரக்கம் அந்த ஒரு நாளோடு முடிந்துபோகவில்லை என்பதற்கு அந்த வாக்குறுதியே சான்று. காயம்பட்டவருக்கு அன்று கிடைத்தவற்றுள் பெரியது, தம்மை நினைத்துத் திரும்பி வர ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியாகவே இருந்திருக்கும். விரைவும் சுருக்கமும் எண்ணிக்கையும் அறிந்த ஊடகத்துக்கு இந்த ஒன்றுதான் தெரியாமற் போயிற்று.

திரும்பி வந்த ஒரு மாநாடு

மாநாடுகளால் பயனே இல்லை என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா. நம் நகரிலேயே, 1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் 'தமிழ் இணையம் 99' என்னும் மாநாட்டைத் தமிழக அரசு கூட்டியது. அதற்கு முன்னோடியாகச் சிங்கப்பூரில் 1997 ஆம் ஆண்டு எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று ஒரு மாநாட்டை நடத்தியிருந்தார். அக்காலத்தில் கணினித் தமிழ் பாபேல் கோபுரத்தைப் போலிருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனிக் குறியீட்டைக் கொண்டிருந்தது. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகளே தோன்றும். பங்கு மடலைத் தட்டச்சு செய்து வட்டில் பதித்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே அது திறக்கவில்லையென்று மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்த நாள்களை நாம் மறக்கவில்லை.

அந்த மாநாடு இரண்டு வகையான முடிவுகளை எடுத்தது. ஒன்று, டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகள். மற்றொன்று, 'தமிழ்99' என்னும் பொது விசைப்பலகை. குறியீட்டு முறைகள் நிலைக்கவில்லை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி அவற்றின் இடத்தைப் பிடித்தது. 2010 இல் தமிழக அரசே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. விசைப்பலகையோ இன்றும் வாழ்கிறது. காரணம் எளிது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 எழுத்துகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் எழுதும் தமிழின் இலக்கணத்தையே அது விசைகளில் பதித்தது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. குறில் விரலடியில், அதன் நெடில் மேலே. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறும். தமிழ் எழுதும் கை எப்படி இயங்குகிறது என்பதைக் கருதி அமைத்தது, எழுதுவோர் கையிலேயே தங்கிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே கூடியவர்கள் கலைந்துபோகவில்லை. 2000 இல் சிங்கப்பூரில் மீண்டும் கூடினர். 'உத்தமம்' என்ற உலகளாவிய அமைப்பு உருவாயிற்று. தொடர்ந்து வெவ்வேறு நாடுகளில் கூடி, விட்ட இடத்திலிருந்து பேசினர். முன்னோடியான கோவிந்தசாமி 1999 இலேயே இறந்துபோனார், பணி நின்றுவிடவில்லை. இத்தனைக்குப் பிறகும் இன்றைய இளைஞர் பலர் தமிழை உரோமன் எழுத்தில் தட்டுவதை நாம் காண்கிறோம். ஒரு மாநாடு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனால் அதன் கனியை நாம் விரல்நுனியில் தொட்டறிய முடிகிறது. எத்தனை மாநாடுகளைப் பற்றி அப்படிச் சொல்ல இயலும்?

நம் திருச்சபைக்கும் இதில் ஒரு பழைய உறவு உண்டு. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூலாகக் கருதப்படும் 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதை ஆக்கிய இயேசு சபைத் துறவி ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே தங்கி, அவர்களிடமே தமிழ் கற்றவர். அரை நூற்றாண்டு அவர்களோடு வாழ்ந்து 1600 இல் அங்கேயே மறைந்தார். அந்த அச்சுப்பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் அந்தக் கடலோர மக்கள். கடல் தொழிலாளர் தந்த காசில் தமிழ் அச்சேறியது என்பதை எண்ணும்போது, இன்றைய கருவிகளுக்கும் கடலோரத்துக்கும் என்ன உறவு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அன்று அவர்கள் அச்சுப்பணியின் புரவலர்கள். இன்று கேமராவின் முன்னால் வலையைத் தூக்கிக் காட்டச் சொல்லப்படுபவர்கள்.

கடைசி வரி

இங்கேதான் அறிக்கையின் கடைசி வரிக்கு நாம் வருகிறோம். ஏழு பாடங்களும் முடிந்து, நன்றி கூறுமுன், மாணவியின் கையெழுத்தில் தனியே ஒரு குறிப்பு இருக்கிறது. நம் கரையைப் பற்றி மாநாட்டில் மூன்று படங்களைத் திரையிட்டார்கள் என்றும், மூன்றையும் எடுத்தவர்கள் வெளியூரார் என்றும் அது சொல்கிறது. அதற்குமேல் விளக்கம் இல்லை. பாடங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்படவில்லை. நமது மதிப்பீட்டில் அறிக்கையிலேயே மிக உயர்ந்த வரி அதுதான். மற்ற ஏழும் மாநாடு கொடுத்தவை. இது ஒன்றே மாநாட்டில் அமர்ந்திருந்த நம் பெண் தானாகக் கண்டது. மூதாட்டியின் கேள்வியும் மாணவியின் குறிப்பும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்தைத் தொடுகின்றன. வெளியிலிருந்து வருபவர் திரும்பி வரவேண்டும். இக்கரையிலேயே இருப்பவருக்கோ கருவி கையில் கிடைக்க வேண்டும்.

இதை ஏன் எட்டாம் பாடமாக எழுதவில்லையென்று அந்த மாணவியிடம் கேட்டோம். "அது பாடமான்னு தெரியல ஃபாதர். பார்த்தப்ப கஷ்டமா இருந்துச்சு, அதான் எழுதினேன்" என்றார். திறனாய்வு என்பது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று அவரிடம் சொன்னோம்.

பங்குப் பேரவை அடுத்த கூட்டத்தில் ஒரு சிறு முடிவை எடுத்தது. சமூகத் தொடர்புக் குழுவுக்கு ஒரு நீளக் குறிப்பேடு வாங்கித் தரப்பட்டது. இடப்பக்கத்தில் எந்த இடத்தில், யாரை, எந்த நாளில் படமெடுத்தோம் என்று எழுத வேண்டும். வலப்பக்கத்தில் அதே மனிதரிடம் மறுபடி சென்ற நாளையும், அவர் அன்று சொன்னதையும் எழுத வேண்டும். வலப்பக்கம் வெறுமையாயிருக்கும்வரை அந்த இடத்தைப் பற்றிப் புதிய படம் எதையும் வெளியிடுவதில்லை. ஆபத்து நேரத்து எச்சரிக்கைக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அப்போதும் எங்கே நின்று எழுதுகிறோம் என்பதை முதல் வரியில் சொல்லிவிட வேண்டும். பார்த்தோர் எண்ணிக்கையை மாதக் கூட்டத்தில் வாசிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டு, அதற்குப் பதில் வலப்பக்கம் வாசிக்கப்படும்.

இந்த ஏற்பாட்டிலும் குறை இருக்கலாம். இளைஞர் சிலர் இதனால் நம் பக்கம் மந்தமாகிவிடும் என்று அஞ்சுகின்றனர். அவர்கள் அச்சம் நியாயமானதே. ஒருவேளை பார்ப்போர் குறையலாம். அந்த இழப்பை ஏற்கத் துணிந்திருக்கிறோமா என்பது இனித்தான் தெரியவரும்.

குறிப்பேட்டின் முதல் பதிவு அந்த மூதாட்டியின் வலை. மாணவியும் கிடங்கில் வேலை பார்க்கும் இளைஞரும் ஒரு மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றனர். அலைபேசியை வெளியே எடுக்கவில்லை. எண்ணெய் படிந்த வலையைப் பல நாள் கழுவிப் பார்த்துவிட்டு வெட்டிப்போட்டதாகவும், புது வலைக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை என்றும் அவர் சொன்னாராம். தேநீர் கொடுத்து அனுப்பும்போது, படம் எடுப்பது எப்படியென்று தம் பேத்திக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். வலப்பக்கத்தின் முதல் கட்டத்தில் அந்த நாளைக் குறித்துவிட்டு, பேத்திக்குக் கற்றுத்தரச் செல்லும் நாளுக்காக அதன் கீழே இடம் விட்டிருக்கிறோம்.